முப்பிடாதி விலக்கு

பெரிய சாலையிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற இடத்தைத் தெற்கே 'விலக்கு' என்போம். சண்டைக்காரர்கள் நடுவே புகுந்து பிரித்துவிடுவதும் விலக்குத்தான். இரண்டும் சேர்ந்த இடத்தில் செத்தவள் முப்பிடாதி.

கோபித்துக்கொண்டு பிறந்த வீடு வந்தவளை அழைத்துப்போகக் கணவன் வேலாண்டி வந்தான். அனுப்பமாட்டேன் என்று அண்ணன் நம்பிராஜன் விலக்கு வரை மல்லுக்கு வந்தான். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, முப்பிடாதி குறுக்கே புகுந்தாள். தம்பி சுப்பக்குட்டி ரோட்டுக்கு அந்தப்புறம், கடை நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒற்றைச் சொல்லாகக் கத்தினாள். இழுபறியில் யார் கை பட்டதோ, லாரிக்கு முன்னால் போய் விழுந்தாள்.

பார்த்துக்கொண்டு நின்ற மகள் உலகம்மை அன்றிலிருந்து அந்தச் சொல்லை மட்டுமே சொல்கிறாள். உச்சிவெயிலில் எழுந்து விலக்குக்கு நடக்கிறாள். குரல் அப்படியே அம்மா குரல். குழறலில் அது 'விலகு'வா 'விலக்கு'வா என்றுதான் தெரியவில்லை.

"பிள்ள மேல வந்திருக்கது ஆத்தாக்காரிதான். அத யாருகிட்ட சொன்னாளோ அவன் பதில் சொல்லட்டும். பிள்ளைய விட்டிருவா," என்றாள் குறிகாரி.

ஆண்பிள்ளைகள் வாயைத் திறக்கக் கேட்க வேண்டுமா?

"ஒம்மத்தான்வே விலகச் சொன்னா," என்றான் வேலாண்டி.

"இருக்கட்டும் மச்சான். சாவும்போதாவது ஒமக்குப் பயப்படாம 'விலகு'ன்னாளே!" என்றான் நம்பிராஜன்.

சுப்பக்குட்டி முனகினான்: "அக்கா என்னையத்தான் 'விலகு'ன்னா. அதான் கிட்ட வரல."

ஒன்று சொல்லிவிடுகிறேன். புருஷனிடமும் அண்ணனிடமும் முப்பிடாதி 'ங்க' போடாமல் பேசியதே இல்லை. கோபித்துக் கிளம்பிய அன்றும் "நல்லா இருங்க" என்றுதான் படியிறங்கினாள். தம்பி மட்டும்தான் அவளுக்கு 'ஏலே'.

இப்போது மூவரும் அவள் விழுந்த இடத்தில் நிற்கிறார்கள். வெட்கமில்லாமல் மூத்தவர்கள் இருவரும் மறுபடி சட்டையைப் பிடித்துக்கொண்டாயிற்று. பிள்ளை வாய் திறக்கிறாள், அதே குரலில். பதில் சொல்ல வேண்டியவன் யார்? அவள் சொன்னதுதான் என்ன?

விடை: 'ங்க' இல்லாத சொல் தம்பிக்குத்தான். ஆனால் ரோட்டுக்கு அந்தப்புறம் நிற்பவனை யாராவது விலகச் சொல்வார்களா? நாம் ஒதுங்கினால் விலகு, மற்றவரைப் பிரித்தால் விலக்கு. நடுவில் ஒரு 'க்'. அதைச் சோடாவோடு விழுங்கியவன் சுப்பக்குட்டி. "விலக்குதேன்க்கா" என்று அழுதுகொண்டே இருவருக்கும் நடுவே போய் நின்றான். பிள்ளை "சின்ன மாமா" என்றாள், தன் குரலில். பிள்ளைக்குத் தீர்ந்தது. அவனுக்கு? எந்த ஊர் பஸ்ஸானாலும் கண்டக்டர் "விலக்கு, விலக்கு" என்று கூவினால், இறங்குகிற இடம் அதுவாக இல்லாவிட்டாலும், இன்றும் எழுந்து நின்றுவிடுகிறான்.