கம்பியின் நீளத்துக்கு ஒரு பாட்டு

அன்று மதியம் சர்க்கஸ் கூடாரத்துக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். லேப்டாப்புக்கு முன்னால் செண்பகவல்லி. பாட்டும் விளக்கும் அவள் பொறுப்பு. எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் தொழில் கற்கும் மகிமைதாஸ், அவளைவிட ஆறு வயது மூத்தவன். கம்பியில் நடக்கும் பிலோமினா. கோமாளி தாவூது. கம்பியை இழுத்துக் கட்டும் நான்.

கூடாரம் புதியது, முன்பைவிடப் பெரியது. அதனால் கம்பியும் நீண்டுவிட்டது. பிலோமினா நடக்கிற பாட்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

பாட்டு முடிந்தால் அரங்கம் இருண்டுவிடும். பாட்டையும் விளக்கையும் லேப்டாப்பில் அப்படிப் பிணைத்திருந்தார்கள். நடுவில் நிறுத்தினாலும் இருட்டுதான். அதை மாற்றத் தெரிந்த ஆள் சென்னையில் இருந்தான். காட்சி நான்கு மணிக்கு. கம்பிக்குக் கீழே வலை உண்டு. ஆனால் இருட்டில் கால் தவறினால் வலை எந்தப் பக்கம் என்று தெரியாது.

மகிமைதாஸ் காலை முழுவதும் பாட்டை நீட்டிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு சுற்றை நகலெடுத்து, அதன் பின்னாலேயே ஒட்டினான். ஒட்டிய இடத்தில் ஒரு ஒலியின் வாலை இன்னொன்றின் தலைமேல் ஏற்றி இழைத்தான். திரையில் அலைக்கோடு எங்கும் முறியவில்லை.

“மாஸ்டர், ஒட்டு தெரியுதான்னு கேளுங்க.”

கேட்டாள்.

“எனக்குத் தெரியல.”

“அப்ப சரிதானே?”

“நடக்கப்போறது நான் இல்லையே, மகிமை.”

தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பழகுகிற கம்பி ஒன்று உண்டு. பிலோமினாவை அதில் ஏறச் சொன்னாள்.

“நீங்க பக்கத்துல நடங்க, மகிமை. அவ கை உங்க தோள்ல இருக்கட்டும்.”

தாவூது சிரித்தான். “கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கு. மாலை எடுத்துட்டு வரவா?”

“முதல்ல உன் சிவப்பு மூக்கைத் தேடு. நம்ம ஆடு வாயில வெச்சு மென்னுட்டிருந்துச்சு,” என்றாள் பிலோமினா.

தாவூது ஓடினான். பாட்டு தொடங்கியது. பிலோமினா கம்பியிலும் மகிமைதாஸ் தரையிலும் நடந்தார்கள். பாதி தாண்டியதும் அவன் முகம் ஒரு கணம் சுளித்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது.

“ஒட்டு எங்க இருக்கு?” என்றாள் மாஸ்டர்.

மகிமைதாஸ் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். சட்டையைத் தள்ளிப் பார்த்தபோது நான்கு நகங்களும் பதிந்திருந்தன.

“காலைத் தூக்கிட்டேண்ணே,” என்றாள் பிலோமினா. “வைக்கிறதுக்குள்ள தாளம் முந்திடுச்சு.”

இழைத்ததில் தாளம் கொஞ்சம் கரைந்திருந்தது. காதுக்குத் தெரியாத அளவுதான்.

“எங்க ஒட்டணும், மாஸ்டர்?”

“என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

அவன் பிலோமினா பக்கம் திரும்பினான்.

“நடுவுல குடை விரிக்க நிப்பேன்,” என்றாள் அவள். “அப்ப ரெண்டு காலும் கம்பியில இருக்கும்.”

பழைய ஒட்டைப் பிரித்தான். தாள அடிகளை எண்ணி, குடை விரிகிற இடத்தில் ஒட்டினான். மறுபடி இருவரும் நடந்தார்கள். இந்த முறை தோளில் கை இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் மேல் கம்பியில் தனியாக நடந்து பார்த்தாள். மகிமைதாஸ் திரையைப் பார்த்தபடி கையைத் தட்டினான்.

“கணக்கா வந்திருக்கு, மாஸ்டர்! அவ அந்தப் பக்கம் கால் வைக்கிறதும் பாட்டு முடியறதும் ஒண்ணு.”

“கடைசிச் சுற்றை இன்னொரு தடவை ஒட்டுங்க.”

“பத்தொன்பது விநாடி மிச்சமாகுமே.”

“ஆகட்டும்.”

“போய்ச் சேந்த பிறகும் பாட்டு ஓடும். அவ சும்மா நிக்கணும். பாக்கவே அசிங்கமா இருக்கும்.”

“கும்பிட்டுட்டு நிக்கிறேன்,” என்றாள் பிலோமினா.

அவன் விடவில்லை. “அந்தப் பத்தொன்பது விநாடி யாருக்கு, மாஸ்டர்?”

செண்பகவல்லி டீயைக் குடித்தாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டினான். ஆனால் அடிகளைச் சரியாகத்தான் எண்ணி ஒட்டினான்.

நான்கு மணிக்குக் கூடாரம் நிறைந்திருந்தது. பிலோமினா நடுக்கம்பிக்கு வந்து குடையை விரித்தாள். ஒட்டு கடந்து போனது. அவள் அடுத்த அடி வைக்கிற நேரத்தில் வெளியே காற்று கிளம்பியது. கூடாரத் துணி உப்பி அடங்கியது. கம்பம் முனகியது. கம்பி நடுங்கியது. நான் கம்பத்தின் கயிற்றைப் பிடித்து முழு பாரத்தோடு தொங்கினேன்.

பிலோமினா மெல்லக் குந்தினாள். அசையவில்லை.

கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. பாட்டு அவள் கால் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கோடு முடிவை நோக்கி நகர்ந்தது.

மகிமைதாஸின் கை மௌஸுக்குப் போனது. “மாஸ்டர், கொஞ்சம் பின்னால தள்ளி மறுபடி...”

“கையை எடுங்க.”

“முடிஞ்சுடும் மாஸ்டர். இருட்டாயிடும்.”

“தொட்டா இப்பவே இருட்டு. எடுங்க.”

அவன் கையை எடுத்தான். அது தானாகப் போய் அவன் தோளைப் பற்றிக்கொண்டது.

கம்பி அடங்கியது. பிலோமினா எழுந்தாள். குடை ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. தாளம் திரும்பி வரும்வரை காத்திருந்து, அதன் முதல் அடியில் காலை வைத்தாள். பிறகு எங்கும் நிற்கவில்லை. புதிதாக ஒட்டிய இடத்தை அவள் நடந்துகொண்டே கடந்தாள், கால் தயங்கவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கும்பிட்டாள்.

பாட்டு முடிந்தது. அரங்கம் இருண்டது. விளக்கு வட்டமாகத் தாவூதின் மேல் விழுந்தது. மூக்கு இல்லாமல் நின்றிருந்தான். கூட்டம் சிரித்தது.

திரைக்கு முன்னால் மகிமைதாஸ் விநாடிகளை எண்ணிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“பதினஞ்சு விநாடி போயிடுச்சு, மாஸ்டர்.”

“போறதுக்குத்தானே வெச்சோம். மிச்சம் எவ்வளவு?”

“நாலு.”