நாலு அமர்வு போதும்

பயத்துக்கு வைத்தியம் எழுதிய இன்பவள்ளிக்கே பயம் வந்துவிட்டது. உள்ளங்கை வியர்த்தது, சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் மூச்சுப்பயிற்சி அவளிடம் பலிக்கவில்லை. ஒரு காலத்தில் தன் ஆய்வுக்கு வழிகாட்டிய சவரிமுத்து சாரைத் தேடித் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஓய்வுக்குப் பிறகு அவர் அங்கே மனநல ஆலோசனை மையம் ஒன்றை நடத்திவந்தார்.

"அந்தக் கட்டுரை தப்பு சார்," என்றாள்.

எந்தக் கட்டுரை என்று அவர் கேட்கவில்லை. அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஒன்றுதான். திடீர்ப் பதற்றத்தால் அவதிப்படுகிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆலோசனை அமர்வு தேவையில்லை, நாலே போதும் என்று காட்டிய கட்டுரை. ஆள் பற்றாக்குறையில் தவித்த ஆஸ்பத்திரிகள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. அதை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அவளைத் துறைத்தலைவர் ஆக்கப்போகிறார்கள்.

"என்ன தப்பு?"

"கேள்வித்தாள்ல சில கேள்வி தலைகீழா வரும்ல சார். 'நிம்மதியா தூங்குறேன்' மாதிரி. அதுக்கு மார்க்கைத் திருப்பிப் போடணும். சிகிச்சைக்கு முன்னாடி வாங்கினதுல போட்டிருக்கேன். முடிஞ்சப்புறம் வாங்கினதுல விட்டுட்டேன்."

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். மார்க் குறைந்தால் பயம் குறைந்ததாக அர்த்தம்; தூக்கமே வரவில்லை என்று எழுதிக்கொடுத்தவர்கள் எல்லாம் குறைந்த மார்க்கோடு, கணக்கில் தேறியவர்கள் ஆகிவிட்டார்கள்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு," என்றாள். "வாபஸ் வாங்கினா நான் காலி சார். சும்மா இருந்தா யாரும் கண்டுபிடிக்கப்போறதில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார். "இவங்களும் நம்ம ஆளுதான். கூட இருக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அவள் பெயர் நாகரத்தினம், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சை அடைக்கிறது, உயிர் போய்விடும்போல இருக்கிறது என்று வந்தவள்.

"இன்னைக்கு நாலாவது தடவை. இன்னையோட முடிச்சுக்கலாம்னு சொல்லியிருந்தேன்ல," என்றார் அவளிடம்.

"சொன்னீங்கய்யா." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஆனா இன்னைக்கும் நடந்துதான் வந்தேன். எல்லாருக்கும் நாலுலயே சரியாயிடுதுன்னீங்க. என்கிட்டதான் ஏதோ கோளாறு போல."

இன்பவள்ளி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"நாலு போதும்னு கண்டுபிடிச்சதே இவங்கதான். இவங்களையே கேளுங்க," என்றார் சவரிமுத்து.

நாகரத்தினம் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் ஏன் மேடம் சரியாகலை?"

இன்பவள்ளி சாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. சமாளிக்கிற வார்த்தைகள் அவளிடம் இல்லாமலில்லை, அதில் பட்டமே வாங்கியவள். நாகரத்தினத்தின் விரலில் சுற்றியிருந்த சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட கோளாறு இல்லைம்மா," என்றாள் கடைசியில். "நான்தான் கணக்குல தப்பு பண்ணிட்டேன். நாலு போதாது."

கோபப்படுவாள், கத்துவாள் என்று காத்திருந்தாள். நாகரத்தினம் கத்தவில்லை. "அப்ப நான் பைத்தியம் இல்லியே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு அவள் போனாள்.

"இத்தனை பேர் எடுத்து எழுதினாங்களே சார். ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரலை?"

"எனக்கே வரலையே. சரியாகலைன்னு அந்தம்மா போன வாரமும் சொன்னாங்க. நான் உன் கட்டுரையைத்தான் நம்பினேன்."

இன்பவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாபஸ் வாங்கிக்கிறேன்னு கட்டுரை வந்த இதழுக்கு எழுதிடறேன். ஆனா ஐம்பது வயசுல, மறுபடி முதல்லேருந்தா சார்?"

"அந்தம்மாவும் முதல்லேருந்துதான்," என்றார் சவரிமுத்து.