அரசர் நெஞ்சில் கடந்த சரக்கு

முன்னொரு காலத்தில், அரசர் வாயிலிருந்து விழுந்ததெல்லாம் சட்டமாகிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், மருதப்பன் என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அந்த அரசருக்கோ புகை மேல் ஒரு பைத்தியம். சாதாரணப் புகை இல்லை ஐயா! கடல் கடந்து குப்பிகளில் வரும் தைலம். வெள்ளிக் குழலில் ஊற்றிச் சூடாக்கி இழுத்தால் ஒரு நாள் பலாச்சுளை வாசம், ஒரு நாள் மாம்பழ வாசம். பலாச்சுளை வாசம் வேண்டுமென்றால் பலாப்பழத்தை அறுத்துத் தின்ன வேண்டியதுதானே? அதை யார் போய் அரசரிடம் கேட்பது!

இழுத்து இழுத்து அரசருக்கு இருமல் வந்தது. அரண்மனை வைத்தியர் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டார், முகம் வெளுத்துப்போனார். "மகாராஜா, இன்னும் இழுத்தால் உயிர் தங்காது" என்று அழாத குறையாகச் சொன்னார். பயந்துபோன அரசர் அன்றைக்கே ஆணை போட்டார். புகைத் தைலம் ஒரு சொட்டுகூட எல்லை தாண்டி நாட்டுக்குள் வரக்கூடாது, கொண்டுவருபவன் தலை இருக்காது.

எல்லைக் கல்லை ஒட்டிச் சுங்கச்சாவடி. அங்கே சுங்கத் தலைவர் திருமலைராயர். உள்ளே வருகிற யாரானாலும் நிறுத்தி, பரம்பரை வழக்கப்படி, "கையில் என்ன? மூட்டையில் என்ன? மடியில் என்ன?" என்று கேட்பார். அதோடு விடுவாரா? எண்ணெய்க் குடத்தை மோந்து பார்ப்பார், அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். சிடுசிடுப்பான மனுஷன்தான். ஆனால் ஒரு குப்பி அவரைத் தாண்டி வரவில்லை. அரசரின் இருமலும் மெல்ல அடங்கியது.

இருமல் படுத்ததும் ஆசை எழுந்து உட்கார்ந்தது.

"போட்ட ஆணையை மாற்றினால் ஊர் சிரிக்கும். ஆணையும் உடையக்கூடாது, எமக்குப் புகையும் வேண்டும். வழி சொல்ல இந்தச் சபையில் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் அரசர்.

திருமலைராயருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, நம் மருதப்பனை விட்டால் வேறு யாரால் ஆகும்?" என்று தேன் ஒழுகச் சொன்னார். தைலத்தோடு வந்தால் சாவடியில் பிடித்துத் தலையை வாங்கலாம், வராவிட்டால் சபையில் மானத்தை வாங்கலாம். இந்தக் கணக்கு மருதப்பனுக்குப் புரியாமல் இல்லை. மூலையில் நின்ற வைத்தியர் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சியதையும் அவன் பார்த்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி! ஆனால் ராயர் மீசைக்குள் சிரித்த அந்தச் சிரிப்பு அவனைச் சும்மா இருக்க விடவில்லை.

"ஆகட்டும் அரசே. நாளைக் காலையில் பல்லக்கு தயாராகட்டும்" என்றான்.

மறுநாள் பல்லக்கு எல்லைக் கல்லைத் தாண்டி அயல்நாட்டு மண்ணில் இறங்கியது. புங்கமரத்தடியில் தைல வியாபாரி காத்திருந்தான். அரசர் ஆசைதீர இழுத்தார். மருதப்பன் காதில் ஓதியபடி கடைசி இழுப்பை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு, நடந்தே சாவடிக்கு வந்தார்.

"கையில் என்ன?" என்றார் ராயர்.

அரசரால் வாய் திறக்க முடியுமா? மருதப்பன்தான் பதில் சொன்னான். "கை வெறுங்கை ஐயா. அரசருக்கு ஏது மூட்டை? மடியில் பட்டுத்தான் இருக்கிறது."

அரசர் கல்லைத் தாண்டிக் காலை வைத்தார், ராயர் முகத்திலேயே ஊதினார். சாவடி முழுக்கப் பலாச்சுளை வாசம்.

"தைலம்! தைலம் உள்ளே வந்துவிட்டது!" என்று குதித்தார் ராயர்.

"எங்கே, ஒரு சொட்டு பிடித்துக் காட்டுங்கள். தைலம் உள்ளே வரக்கூடாது என்பதுதான் ஆணை. அரசர் வெளியே போகக்கூடாது என்று ஆணை இல்லையே! தைலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அரசர்தான் போய் வந்தார்" என்றான் மருதப்பன்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். கூட வந்த பரிவாரமே கைதட்டியது. மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு தினமும் பல்லக்கு போனது. மழைக்காலம் பிறந்தபோது இருமல் திரும்பி வந்தது, இந்த முறை ரத்தத்தோடு. மருதப்பன் ஓடிப்போய்த் திருமலைராயர் காலில் விழுந்தான். "ஐயா, நீங்கள்தான் அவரைத் தடுக்க வேண்டும்."

"நான் எப்படியப்பா தடுப்பேன்? நெஞ்சுக்குள் என்ன என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார் ராயர். அவர் குரலில் கோபமே இல்லை. "குப்பியில் வந்தவரைக்கும் நான் விடவில்லை."

நேராக அரசரின் படுக்கைக்குப் போனான் மருதப்பன். வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அரசே, எனக்கு இன்னொரு பரிசு வேண்டும். அரசர் எல்லை தாண்டக்கூடாது என்று ஓர் ஆணை போடுங்கள்."

அரசர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பலே! நீ திறந்த வழியை நீயே அடைக்கிறாயா?" சிரிப்பு இருமலாகி, அடங்க நெடுநேரம் பிடித்தது. ஆணைக்கு முத்திரை வைத்து, அந்த முத்திரை மோதிரத்தையே கழற்றி அவன் விரலில் போட்டார்.

"இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே, மருதப்பா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற மருதப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.