பிள்ளைகள் மேல் செய்த சத்தியம்

இந்தப் புதிரைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் விடை தெரிந்தவர் யாராவது இருப்பார்கள் என்ற நப்பாசையில் சொல்கிறேன். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாமல் கேளுங்கள்.

அழகுமலை என்று ஒரு பெரியவர். வயது அறுபத்தெட்டு. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. தங்கள் தோட்டத்திலேயே அவளைப் புதைத்திருக்கிறார். ஒரே மகன் சிவபாலன். அவனுக்கும் வளர்மதிக்கும் இரண்டு வருடத்துக்கு முன் விவாகரத்து ஆயிற்று. பிள்ளைகள் இருவரும் தாயிடம்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை தகப்பனிடம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க அவர்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. அதனால் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அழகுமலையின் தலையில் விழுந்தது. வளர்மதியும் அந்த ஒரு மனிதரை நம்பித்தான் அனுப்பினாள். வாரா வாரம் அவள் வாசலில் நின்று, "அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விட்டுர்றேம்மா" என்பார். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அது ஐந்தேகால் ஆனதில்லை.

ஒரு சனிக்கிழமை மகன் போன் செய்தான்.

"அப்பா, நான் ஒண்ணு கேப்பேன். மறுக்கக் கூடாது."

"என்னடா, சொல்லு."

"இப்பச் சொல்ல மாட்டேன். செய்றேன்னு புள்ளைக மேல சத்தியம் பண்ணுங்க."

பேரப்பிள்ளைகள் மேல் சத்தியம் என்றால் அழகுமலைக்குப் பயம். மீறினால் அந்தக் குஞ்சுகளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும் என்று நம்புகிற மனிதர். ஆனால் ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் மகன் கோபமில்லாமல் பேசினான். வளர்மதியோடு மறுபடியும் சேர்ந்து வாழ்வதைப் பற்றித்தான் கேட்கப்போகிறான் என்று இவராகவே நினைத்துக்கொண்டு, "சரிப்பா, புள்ளைக மேல சத்தியம்" என்றார்.

மறுநாள் ஒன்பது வயது தர்ஷினியையும் ஆறு வயது ரித்திக்கையும் வழக்கம்போல் மகன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். "நீங்க போய்க் கொஞ்சம் படுங்கப்பா, நாலரைக்கு வாங்க" என்றான் அவன். நாலரைக்கு வந்து பார்த்தபோது வீட்டில் யாருக்கும் உயிர் இல்லை. பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போயிருந்தான். எப்படி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. 'எங்கள் மூவரையும் நம் தோட்டத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரே குழியில் வையுங்கள். பிள்ளைகளை அவளிடம் கொடுக்கக் கூடாது. சத்தியம் செய்திருக்கிறீர்கள், அப்பா.'

திங்கட்கிழமை மதியம் அரசு மருத்துவமனையின் பிணவறை வாசலில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கூடிவிட்டார்கள். அழகுமலை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்து, இனி அழவும் தெம்பில்லை. கொன்றவன் அவர் பெற்ற பிள்ளை. அவனை வெறுக்கவும் முடியவில்லை, அவனை நினைத்து அழவும் வெட்கமாக இருந்தது. எங்காவது போய்ப் படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "சட்டப்படி குழந்தைகளை அம்மாகிட்டதான் குடுக்கணும். ஆனா உங்க ஆளுங்க வேன்ல வந்து மறிச்சு நிக்கிறாங்க. இந்த இடத்துல ரகளை வேணாம் ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

அவருடைய தம்பி சின்னழகு காதருகில் குனிந்தார். "அண்ணே, அவன் செஞ்சது பாவந்தான். இல்லேங்கல. ஆனா நீ புள்ளைக மேல சத்தியம் பண்ணியிருக்கே. மீறினா அதுக ஆத்மா சாந்தியாகாம அலையும். அந்தப் பழி உனக்கு வேணுமா?"

கூட்டத்தில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பையன் நம்ம வம்சம், நம்ம தோட்டத்துக்கு வரட்டும். பொண்ணை அவங்களே கொண்டுபோகட்டும்." பாகப்பிரிவினைக்குப் பழகிப்போன வாய். அதைக் கேட்டு நாலு பேர் தலையாட்டவும் செய்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தலைகளைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

கடைசியாக வளர்மதி வந்தாள். அவள் கத்தவில்லை, யாரையும் சபிக்கவில்லை. படிக்கட்டில் மாமனாருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க மகன் எழுதினதை நான் படிச்சேன். நீங்க சத்தியம் பண்ணினதையும் சொன்னாங்க. எங்கிட்ட நீங்க சத்தியமெல்லாம் பண்ணல. அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விட்டுர்றேம்மான்னு மட்டும்தான் சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழகுமலை அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

இப்போது சொல்லுங்கள். பிள்ளைகள் மேல் ஆணையிட்டு மகனுக்குக் கொடுத்தது ஒரு வார்த்தை. ஆணை எதுவும் இல்லாமல் வாசலில் நின்று மருமகளுக்குச் சொன்னது ஒரு வார்த்தை. இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. இதில் எந்த வார்த்தையைக் காப்பாற்றுவது சரி?

விடை: சத்தியம்தான் பெரிது என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். ஆனால் பிள்ளைகள் மேல் ஆணையிடுகிறவர், அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று பயந்துதான் வார்த்தை தவறாமல் இருக்கிறார். அவர்களைக் கொல்வதென்று தீர்மானித்துவிட்ட ஒருவன் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டு வாங்கினால் அது சத்தியமே ஆகாது. தாயிடம் சொன்ன சாதாரண வார்த்தைதான் இன்னும் நிறைவேறாமல் நின்றது. அழகுமலை இப்படியெல்லாம் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. எழுந்து, "தோட்டத்துல அவனுக்கு மட்டும் குழி வெட்டச் சொல்லுடா" என்று தம்பியிடம் சொன்னார். பிள்ளைகளை ஏற்றிய வண்டியில் தானும் ஏறிக்கொண்டார். வளர்மதி முன்னால் போய்த் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். வண்டியை விட்டு இறங்கியவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "கொண்டாந்துட்டேம்மா. நேரமாயிருச்சு" என்றார்.