எண்பதாயிரத்துக்கு வட்டி

"எட்டு இடத்துல விசாரிச்சுட்டேன் அம்மா. எல்லாரும் கழுத்தை நெரிக்கிறாங்க. இதுல எது குறைஞ்ச வட்டின்னு நீங்களே சொல்லுங்க."

செங்கோடன் ஒரு காகிதத்தைப் பிரித்துச் சிவமதியின் முன்னால் வைத்தான். நகைக்கடன், கிரெடிட் கார்டு தவணை, சீட்டுக் கம்பெனி, மில் சொசைட்டி என்று வரிசையாக எழுதியிருந்தான். எழுதிய வேகத்தில் இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் சிவமதிதான் குரு. அவனைவிட ஒன்பது வயது இளையவர். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் அவர் எதிரில் உட்கார்ந்து தியானம் செய்கிறவன், அன்று செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான். பஞ்சாலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்ததால் தலையெல்லாம் பஞ்சு.

சிவமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்குக் கடன்?"

"காஷ்மீர் போக. டூர் கம்பெனில தலைக்கு இருபதாயிரம். நாலு பேருக்கு எண்பது. மச்சான் குடும்பம் துபாய் போயிட்டு வந்து தினம் ஒரு போட்டோ அனுப்பறான். என் பிள்ளைங்க அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்க. ஆறே மாசம், போனஸ் வந்ததும் அடைச்சிருவேன். அதுக்கு இவனுங்க கேக்கற வட்டி இருக்கே!"

"இதுக்கு முன்னால எங்கயாவது போனீங்களா?"

"கொடைக்கானல். ரெண்டு வருஷம் ஆச்சு. கலாமணி வளையலை அடகு வச்சுத்தான் போனோம்."

"எப்படி இருந்தது?"

"அதை ஏன் கேக்கறீங்க. படகுல ஏறி உட்கார்ந்ததும் கலாமணி குளிருதுன்னா. திரும்பிரலாம்னா. எனக்கு எப்படி இருக்கும்? 'வட்டிக்கு வாங்கி உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கேன், உனக்குக் குளிருதா'ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு நாளும் அவ வாயைத் திறக்கலை. பிள்ளைங்க பசிக்குதுன்னு கூடச் சொல்லலை. நன்றி கெட்ட ஜென்மங்க."

சிவமதி எழுந்து உள்ளே போனார். ஒரு தகர டப்பாவோடு திரும்பி வந்து அதை அவன் மடியில் வைத்தார்.

"எண்பதாயிரம் இருக்கு. வட்டி கிடையாது."

செங்கோடனுக்கு அந்த டப்பாவைத் தெரியும். ஆசிரமத்தில் போர்வெல் போடுவதற்குச் சேர்த்த பணம். மூன்று வருடமாக அங்கே எல்லாரும் கீழே ஓடைக்குப் போய்த்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"அம்மா, இது…"

"இன்னும் ஆறு மாசம் சுமந்துக்கறோம். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"இதுக்காக நீங்க பட்ட பாட்டை வீட்டுல சொல்லிக் காட்டக் கூடாது. போறதுக்கு முன்னாலயும் சரி, போன இடத்துலயும் சரி, வந்த பிறகும் சரி. சண்டை வந்தாக்கூட."

"எத்தனை நாளைக்கு?"

"உசிரு இருக்கிற வரைக்கும்."

"இவ்வளவுதானா!" செங்கோடன் சிரித்துவிட்டான். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது சொன்னான். "காஷ்மீர் போறோம். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

மகள் எழுந்து குதித்தாள். மகன் கேட்டான், "ரயில்லயா? மாமா மாதிரி பிளேன்ல போகக் கூடாதாப்பா?"

செங்கோடன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான்.

கலாமணி ரசம் ஊற்றிக்கொண்டே, "அங்க குளிரு தாங்க முடியாதாமே. நாலு பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கணுமே, அதுக்கு வேற எங்க போறது?" என்றாள்.

அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எட்டுப் படி ஏறி இறங்கினது, மேனேஜர் முன்னால் நின்றது, சாமியாரம்மா குடிக்கிற தண்ணியில் கைவைத்தது, எல்லாம். வாயைத் திறந்தான். மூடினான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

கலாமணி பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தான் எதுவுமே சொல்லாதபோது எதற்காக இவர்கள் பயப்படுகிறார்கள் என்று அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆசிரமத்தில் நின்றான். துண்டு முடிச்சைச் சிவமதியின் முன்னால் பொத்தென்று போட்டான்.

"எண்ணிக்குங்க. எனக்கு வேண்டாம். இதுக்கு அந்தச் சீட்டுக் கம்பெனிக்காரனே தேவலை. அவனுக்குப் பணத்தைக் கட்டினா விட்டுருவான். ஒரு ராத்திரி தாங்கலை அம்மா, நெஞ்சு வெந்து போச்சு. என் வீட்டுல, என் பொண்டாட்டிகிட்ட, நான் வாயைத் திறக்கக் கூடாதா? வட்டி இல்லைன்னு சொல்லிட்டு இவ்வளவு பெரிய வட்டி கேக்கறீங்களே, இதை எவனால கட்ட முடியும்?"

சிவமதி பணத்தை எண்ணவில்லை. முடிச்சை அவிழ்த்து, நோட்டுக்களை எடுத்துக்கொண்டு, துண்டை உதறி அவன் கையில் கொடுத்தார்.

"இத்தனை வருஷமா இந்த வட்டியை உங்க வீட்டுல யாரு கட்டினாங்க?" என்று கேட்டார்.