ஒரு சாண் இடைவெளியும் ஒரு பொன்னாடையும்

அவசரப்படாமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

கருவேலங்குளம் கடைத்தெருவில் அன்று காலை திருவிழாக் கூட்டம். தாழ்தளப் பேருந்து முதன்முதலாக ஊருக்குள் வருகிறது. போக்குவரத்து அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சக்கர நாற்காலியில் வரும் செண்பகவல்லி, யாரும் தூக்காமல், இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிட்டால் பேருந்து இந்தத் தடத்திலேயே ஓடும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும்.

செண்பகவல்லிக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை. ஆறு வருடமாக ஆட்டோக்காரர் காதர் மைதீன்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார். தங்கமான மனிதர். ஆனாலும் தினமும் இன்னொருவர் கையில் ஏறி இறங்குவது அவளுக்கு அலுத்துவிட்டது. தானே ஏறிப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

பேருந்து வளைவில் தெரிந்ததும் விசில் பறந்தது. அப்போதுதான் சிக்கல் புரிந்தது. கதவிலிருந்து விரியும் சாய்பலகை சிறியது. நிறுத்தத்தின் மேடைக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தால் எட்டாது. மேடையை ஒட்டியோ ஆட்டோ வரிசை. முதலில் நின்ற காதரின் வண்டி, மேடைக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஐந்து ஆட்டோக்கள், பின்வாங்க வழியில்லை. முன்னால் எடுத்தால், சுற்றிவந்து கடைசியில்தான் நிற்கவேண்டும். அது ஸ்டாண்டின் சட்டம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பிடித்த முதலிடம் அது.

காதர் ஒரு கணம் செண்பகவல்லியைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"சவாரி போச்சேன்னு கோவம்," என்று யாரோ சிரித்தார்கள்.

டயர் மேடையில் உரசினால் ஓட்டுநர் சிங்கராயருக்குப் பணிமனையில் மெமோ நிச்சயம். மனிதர் துணிந்துவிட்டார். சரியாக ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். அதிகாரியின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. தூக்கிவிடப் பாய்ந்த நாலு இளவட்டங்களை நடத்துனர் வேலாயுதம் தடுத்தார். பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு இழுத்தார், விரிந்தது. செண்பகவல்லி சக்கரத்தைத் தள்ளினாள். பாதி ஏற்றத்தில் கை நழுவியது. இன்னொரு தள்ளு, உள்ளே போய்விட்டாள்.

ஒரு நிமிடம் ஐம்பது நொடி! என்ன ஆரவாரம்! எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

வியாபாரிகள் சங்கம் ஒரு பொன்னாடையை அவள் மடியில் வைத்து, "இதுக்கு யாரு காரணமோ அவருக்கு நீயே போடும்மா," என்றது. ஓட்டுநர் இல்லாவிட்டால் பலகை எட்டியிருக்காது என்றது ஒரு கட்சி. நடத்துனர் இல்லாவிட்டால் பலகை விரிந்தேயிருக்காது என்றது மறு கட்சி. காதர் பெயரைச் சொன்ன ஒருவரைக் கூட்டம் கேலி செய்தது.

செண்பகவல்லி யோசித்தாள். நீங்களும் யோசியுங்கள். அந்தப் பொன்னாடை யாருக்குச் சேரவேண்டும்?

விடை: ஓட்டுநரும் நடத்துனரும் செய்தது பெரிய காரியம். ஆனால் அது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. பேருந்து ஓடினால் அவர்களுக்கும் பெருமை. காதருக்கோ அன்றைய முதலிடமும் போயிற்று, ஆறு வருடச் சவாரியும் போயிற்று. தெரிந்தேதான் வழிவிட்டார். மாலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் அவள் நேரே ஆட்டோ வரிசைக்குப் போனாள். "எனக்கெதுக்கும்மா? வண்டிய எடுத்தேன், அவ்வளவுதானே," என்றார் காதர். "அதுக்குத்தான் பாய்," என்றாள். ஆறு வருடமாக அவளைத் தூக்கக் குனிந்த மனிதர், அன்று பொன்னாடைக்காகக் குனிந்தார்.