வாய் திறக்காதவரின் ஓட்டு

"என் ஓட்டையே எனக்கு எதிரா எண்ணிட்டாங்க, டீச்சர்."

உட்காருவதற்கு முன்பே பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். சகாயமேரி அவரைவிடப் பத்து வயது இளையவர். யாரும் தனியாகத் திருத்த முடியாத கணினிப் பதிவேடான பிளாக்செயினைக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவருக்கு டீச்சர்.

பன்னிரண்டு கடற்கரை ஊர்களுக்கும் பொதுவாக அப்படி ஒரு பதிவுச் சங்கிலி. என்றைக்கு எந்த ஊர் கரைவலை இழுப்பது என்று அதில் பதிவாகும். ஊருக்கு ஒரு ரகசிய எண், அதுதான் சாவி; சாவிக்கு ஓர் ஓட்டு. மண்டை உடைந்துகொண்டிருந்த கரையில் ஆறு வருஷமாக அதனால்தான் அமைதி.

போன வாரம் ஓட்டெடுத்து, ஊர்ச் சாவியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். அப்போது அவர் கண் புரை ஆபரேஷன் முடிந்து, போனைத் தொடக் கூடாதென்று படுத்திருந்தார்.

"ரெண்டு நாள் பதில் சொல்லலைன்னா சம்மதம்னு விதி எழுதினது யாரு?"

"நான்தான். வேலை ஓடணுமே, டீச்சர்."

"அதை எப்போ நிறைவேத்தினீங்க?"

பொன்னுரங்கத்துக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஐந்து ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட வழியில்லாமல், சிக்னல் இல்லாத ஆழ்கடலில் வாரக்கணக்காகக் கிடந்தபோதுதான். அது இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவரை உறுத்தியதில்லை. தன் தலையில் விழுந்த பிறகு உறுத்துகிறது.

ஆனாலும் வீறாப்பு விடவில்லை. சங்கிலியை நகலெடுத்து இன்றைக்கே தனியாகப் பிரியப்போவதாகவும், நான்கு ஊர்கள் தன் பக்கம் என்றும், தன் கிளைதான் அசல் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னார்.

"நாளைக்கு விடியும்போது ஒரே கரையில ரெண்டு ஊர் வலையோட நிக்கும். ரெண்டு பேர் போன்லயும் அவங்க முறைன்னுதான் இருக்கும்."

"நிக்கட்டும்."

அவர் அதைச் சொன்ன விதம் சகாயமேரிக்குக் கசந்தது. தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிரியாம, சாவி இல்லாம, அதே சங்கிலியில இருக்க உங்களுக்குச் சம்மதமா, சார்?"

பொன்னுரங்கம் வாய் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு வைத்த டீ ஆறி ஏடு கட்டியது.

சகாயமேரி பன்னிரண்டு ஊர்களுக்கும் செய்தி அனுப்பினார். சத்தமாகவே படித்துக்காட்டினார்.

"பொன்னுரங்கம் பிரியவில்லை. சம்மதித்துவிட்டார்."

அவர் பதறி எழுந்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே, டீச்சர்."

"ஆமா, சார்."